தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்

மணவாளக்குறிச்சியில் எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் நான்கு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்றைக்கூட நாங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. நாகர்கோவிலில் ஓர் அலுவலகம் புது மெஷின்கள் வாங்கியபோது பழையதை எங்களிடம் தள்ளிவிட்டது. தந்த அன்று ஒரு பேனர், ஒரு பொன்னாடை, ஆறேழு புகைப்படங்கள். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் 'அன்பளிப்பு' என்று ஸ்டிக்கர். பிள்ளைகள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போகும் கோபத்தில் பாதி என்மேல்தான்.

பெட்டிகளைத் தருவதற்கு முன் அலுவலகத்துக்காரர்கள் ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். அதில் தப்பில்லை, அவர்கள் கோப்புகள் அவர்களுக்கு. ரிப்பேர் கடையில் கிடந்த பழைய டிஸ்க்குகளைப் போட்டு, மூன்றில் விண்டோஸ் 7, ஒன்றில் எக்ஸ்பி ஏற்றித் தந்தார்கள். உரிமம் கிடையாது, சிடியில் இருந்து ஏற்றி, கிராக் போட்டுத் திறந்தது. "புதுசு ஏத்தினா இழுக்காது சார். இது ஓடுதுல்லா, போதும்" என்றார் கடைக்காரர். பல இடங்களில் நமக்குச் சொல்லப்படுகிற 'போதும்'தான். நானும் தலையாட்டினேன்.

எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல். குரோம் பிரவுசர் எக்ஸ்பியை 2016-லும் விண்டோஸ் 7-ஐ 2023-லும் கைவிட்டது. விண்டோஸ் 7-ல் 109-ஆம் பதிப்புக்கு மேல் குரோம் ஏறாது. இந்தத் தேதிகள் எல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. அந்த ராத்திரிக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

ஒரு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். முதலாமாண்டு படிக்கும் பெண், மாலை ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தாள். அப்பா கொத்தனாருக்குக் கையாள். அம்மா முந்திரி ஆலையில். வீட்டில் எல்லோரும் கிறித்தவர்கள் என்பதால் சாதிச் சான்றிதழ் 'கிறித்தவ ஆதிதிராவிடர்'. வெளி மாவட்டத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி மதம் மாறிய நம் மக்கள் பட்டியல் சாதி கிடையாது. சீக்கியர்களை 1956-லும் பௌத்தர்களை 1990-லும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். தெருவும் அதே, சாதி வசவும் அதே, கதவுகள் மட்டும் குறைவு. இருக்கிற ஒரு கதவைத் தவறவிட்டால் அடுத்தது கிடையாது.

பிரவுசரைத் திறந்ததும் சிவப்பு எச்சரிக்கை. உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்றது. கீழே வலது மூலையைப் பார்த்தோம். 2005 ஜனவரி 1.

"அண்ணே, இந்தக் கம்ப்யூட்டருக்கு நான் இன்னும் பொறக்கவே இல்ல, பாத்தியளா?" என்றாள். சிரித்தோம்.

தேதியை மாற்றினேன். தளம் திறந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். சான்றிதழ்களை ஏற்றும் இடத்தில் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. பிரவுசர் பழசு, தளம் புதுசு. அடுத்த மெஷினுக்குப் போகலாம் என்று எழுந்தபோது கரண்ட் போனது. திரும்ப வந்தபோது மறுபடியும் 2005. எட்டரை மணிக்கு ஜங்ஷனுக்கு ஓடினால் பிரவுசிங் சென்டர் ஷட்டர் இறங்கியிருந்தது. கடைசியில் என் போனில் முயன்றோம். பிடிஎஃப் அளவு கூடுதல் என்றது, குறைத்தோம். வங்கிப் பாஸ்புக் படம் தெளிவில்லை என்றது, மீண்டும் எடுத்தோம். மணி பன்னிரண்டு தாண்டியது.

அவள் அழவில்லை. "சரிண்ணே, விடுங்க" என்றாள். அந்த வருடக் கட்டணத்துக்கு அவள் அம்மா குழுவில் கடன் எடுத்தார். வாராவாரம் கட்டுகிறார்.

மறுநாள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மதர்போர்டில் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி, சிஆர் 2032 என்று பெயர். மின்சாரம் இல்லாதபோதும் தேதியை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு இணையதளமும் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது, அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2005-ல் நிற்கும் கம்ப்யூட்டருக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் எழுதப்படவே இல்லை, அதனால் கதவைச் சாத்திவிடுகிறது. வாட்ச் கடையில் அந்தப் பேட்டரியை நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். பொன்னாடை அதைவிட விலை கூடியது.

இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, நல்ல மனிதர் ஒருவர், நம் இயக்கத்துக்கு வேண்டியவர், "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா தோழர்?" என்று கேட்டார். எனக்கு அந்தப் பழமொழியோடுதான் சண்டை. மாட்டின் பல்லைப் பார்ப்பது அதன் வயதை அறிய. வயதைத் தெரிந்துகொள்ளாமல் உழவுக்குக் கட்டினால் பாதி வயலில் மாடு படுத்துவிடும். நட்டம் கொடுத்தவருக்கு இல்லை, உழுகிறவருக்கு. வாங்குகிறவன் கேள்வி கேட்கக் கூடாது என்று பழமொழி சொல்லித்தருவது யாருடைய வசதிக்காக?

பழையதைத் தருவதற்கு இந்த நாட்டில் சாத்திரமே இருக்கிறது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சூத்திரனுக்கு எதையெல்லாம் கொடுக்கலாம் என்று வகுக்கிறது: மிச்சச் சோறு, பழைய துணி, பதர், பழைய தட்டுமுட்டுச் சாமான். வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு அதைவிடவும் கீழானது. 1927 டிசம்பர் 25-ல் மகத்தில் அம்பேத்கர் அதைத் தீயிலிட்டது சும்மா இல்லை. நம் மாவட்டத்திலேயே தோள்சீலைப் போராட்டம் பல ஆண்டுகள் நடந்து, 1859-ல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தபோது என்ன சொன்னது? நாடார் பெண்கள் மேலாடை போடலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்றது. கொடுப்பதிலும் ஒரு கோடு. கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எங்களுடையது மாதிரி வேண்டாம் என்று யாரும் இன்று வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்தக் கடைக்காரருக்கும் அலுவலகத்துக்காரர்களுக்கும் அப்படி ஒரு எண்ணம் இருந்திருக்காது. எண்ணம் இல்லாமலே அதுவாக நடந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு அதிக எரிச்சல்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன்? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்கு மேலோ வேண்டும். நன்றாக ஓடுகிற மெஷின்கள்கூட இந்த ஒரு காரணத்தால் அலுவலகங்களிலிருந்து வெளியேறும். உலகம் முழுக்க 24 கோடி கம்ப்யூட்டர்கள் இப்படிக் குப்பைக்குப் போகலாம் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணித்தது. மின்கழிவு விதிகள், 2022-ன்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் மின்கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளரிடமோ புதுப்பிப்பவரிடமோ மறுசுழற்சியாளரிடமோதான் ஒப்படைக்க வேண்டும். அதைவிட எளிது, ஒரு காலனிக்குக் கொடுத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொள்வது. (காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். எங்கள் தெருமுனைப் போர்டு இன்னும் மாறவில்லை.) ஆகவே தானம் பெருகப்போகிறது. உங்கள் படிப்பகத்துக்கும் போன் வரும்.

வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பெட்டி பழசாக இருப்பதில் குற்றமில்லை. பத்து வருடப் பழைய மெஷினில் இன்றைய இயங்குதளத்தை ஏற்றலாம், காசு இல்லாமல், சட்டப்படி. பிரச்சினை, கைவிடப்பட்ட விண்டோஸையே திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிற பழக்கம். நானே மூன்று முறை செய்தேன். மெதுவாகிறது என்றால் கடைக்குத் தூக்கிப்போவது, ஐந்நூறு ரூபாய் கொடுப்பது, அதே விண்டோஸ் 7-ஐப் புதிதாக ஏற்றிக்கொண்டு வருவது. ஒரு மாதம் பளிச்சென்று இருக்கும். பிறகு மறுபடியும்.

செயல்பாட்டாளர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அந்த எக்ஸ்பி மெஷினில்தான் ஒரு வன்கொடுமை வழக்கின் தாள்களை நாங்கள் தட்டச்சு செய்தோம். புகார் மனு, சாட்சிகளின் பெயர், ஊர், போன் எண், எல்லாம். கிராக் செய்யப்பட்ட, பத்து வருடமாக ஓட்டை அடைக்கப்படாத ஒரு பெட்டியில். 2017 மே மாதம் வானாகிரை என்ற பிணைமீட்புத் தீநிரல் உலகம் முழுக்கப் பரவியபோது மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை திருத்தம் ஏற்றப்படாத விண்டோஸ் 7 மெஷின்கள். பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் தீநிரல் வழியாகக் கோப்புகள் செருகப்பட்டன என்று ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2021-ல் அறிக்கை தந்தது. அது மின்னஞ்சல் இணைப்பு வழியாக வந்தது. புது இயங்குதளம் இருந்தால் மட்டும் தப்பித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கதவையே கழற்றிவைத்துவிட்டுத் திருடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அந்தத் தாள்களை அன்றே எடுத்துவிட்டு டிஸ்க்கை அழித்தோம். சாட்சிகளில் ஒருவர் என் பெரியம்மா வயது. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளை வைத்தே ஆரம்பித்தோம். கடைக்குத் தூக்கவில்லை. பிளஸ் ஒன் படிக்கிற இரண்டு பெண்கள், பாலிடெக்னிக் பையன் ஒருவன், அந்த உதவித்தொகைப் பெண். முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதினோம். இரண்டு பெட்டிகளில் கோர் டூ டுவோ, 64-பிட், 4 ஜிபி நினைவகம். அவற்றில் லினக்ஸ் மின்ட், அதிலும் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பென் டிரைவில் இறக்கி, எஃப் 12 அழுத்தி, தமிழில் கேள்வி கேட்க வைத்து, முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மூன்றாவதில் வைஃபை அடாப்டருக்கு டிரைவர் கிடைக்காமல் மதியம் முழுக்கப் போனது. கடைசியில் போனைக் கேபிளால் இணைத்து நெட் கொடுத்தோம். எக்ஸ்பி பெட்டி 32-பிட், 1 ஜிபி. டெபியன் தன் 13-ஆம் பதிப்பில் இருந்து 32-பிட் மெஷின்களுக்கு நிறுவியே தருவதில்லை. ஆன்டிஎக்ஸ் ஏற்றிப் பார்த்தோம். எழுத்து வேலைக்கு ஆகும், இணையத்துக்கு ஆகாது. அதை ஓரமாக வைத்திருக்கிறோம்.

தமிழ்99 விசைப்பலகை ஓடியதும் ஒருத்தி முதலில் அடித்தது 'ஜெய்பீம்'. அடுத்ததாகத் தன் பெயர். அதற்குப் பிறகு என் பழைய துண்டறிக்கைகளைத் திறக்கச் சொன்னேன், எல்லாம் குப்பையாக வந்தது. பாமினி எழுத்துருவில் அடித்தவை. தமிழ்நாடு அரசு 2010-ல் யுனிகோடை ஏற்றுக்கொண்டது, நான் மட்டும் அதற்கப்புறமும் பாமினியில் அடித்துக்கொண்டிருந்தேன். "பழைய சிஸ்டம் கம்ப்யூட்டர்ல மட்டுமில்லண்ணே" என்றான் பாலிடெக்னிக் பையன். மாற்றித் தந்ததும் அவன்தான்.

செத்துப்போன ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் பிள்ளைகள் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே வளைந்த காந்தம், விரலைக் கடிக்கிற அளவுக்கு இழுக்கும். நியோடைமியம் கலந்த காந்தம். அந்தத் தனிமம் இருக்கிற மோனசைட் நம் ஊர்க் கடற்கரை மணலில் கிடக்கிறது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் மணவாளக்குறிச்சி மணலில் அதைக் கண்டுபிடித்தார். அன்று அதிலிருந்து எடுத்த தோரியம் ஐரோப்பாவின் கேஸ் விளக்கு மேண்டில்களுக்குப் போனது. இன்று ஐஆர்இஎல் என்ற ஒன்றிய அரசு நிறுவனம் இதே ஊரில் ஆலை நடத்துகிறது. இந்தக் காந்தம் நம் மணலில் இருந்து வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் நூறு வருடத்துக்கு மேலாக முதல் ஆளாக மண்ணைக் கொடுக்கிற ஊருக்கு, கம்ப்யூட்டர் மட்டும் கடைசி ஆள் கையில் இருந்து வருகிறது.

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால் ஒரு தோழர் கேட்ட கேள்விக்கு என்னிடம் முழு பதில் இல்லை. "அவங்க பிள்ளைகளுக்கு விண்டோஸ், நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் லினக்ஸா? தட்டச்சுக்கும் கம்ப்யூட்டர் சான்றிதழுக்கும் போற இடத்துல எம்எஸ் ஆஃபீஸ்தானே கேக்கான்? இதுவும் ஒரு ரெண்டாந்தரம்தானே?" என்றார். பாதி சரி. நம் பிள்ளைகள் லிப்ரே ஆஃபீஸில் பழகிவிட்டுத் தேர்வு அறையில் வேறு திரையைப் பார்த்துத் திணறக்கூடாது. இதற்காக எக்ஸ்பி பெட்டிக்குப் பதிலாக உரிமத்தோடு விண்டோஸ் 11 ஓடுகிற ஒரு மெஷின் வாங்க நிதி சேர்க்கிறோம். மறுபாதி சரியில்லை. லினக்ஸ் ஏழைக்கான மிச்சம் கிடையாது, உலகின் பெரிய சர்வர்களில் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன. தமிழ்நாட்டு அரசு அமைப்பு ஒன்றுக்குள் அதைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தவர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர், ஒரு தலித் ஐஏஎஸ் அதிகாரி. அதே உமாசங்கரை 2010-ல் சாதிச் சான்றிதழ் பொய் என்று சொல்லி அரசு இடைநீக்கம் செய்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு சில வாரங்களில் ரத்து செய்தது. அவருடைய பிற்காலப் பேச்சுகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் இந்த வரலாறு நம் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அரசை நாம் விட்டுவிடக் கூடாது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் நம் தெருக்களில் எத்தனை வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது என்று எண்ணிப் பாருங்கள். புதுப் பெட்டி, பிள்ளையின் கையில், நன்றி சொல்ல வேண்டிய அவசியமில்லாமல். இடையில் நின்றுபோனபோது அந்த இடத்தைத்தான் தானக்காரர்கள் பிடித்தார்கள். 2025 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தார்கள். பள்ளிப் பிள்ளைகள்? ஆதிதிராவிடர் நல விடுதிகள்? பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள், பணம் அந்தத் தலைப்பில்தான் வருகிறது. பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ மனு போடுங்கள். உங்கள் ஊர் நல விடுதியில் ஓடுகிற கம்ப்யூட்டர் எத்தனை, ஒவ்வொன்றிலும் என்ன இயங்குதளம், கடைசியாக எந்த வருடம் வாங்கியது, மூன்றே கேள்வி. முப்பது நாளில் பதில் வர வேண்டும். நாங்கள் மூன்று விடுதிகளுக்குப் போட்டிருக்கிறோம்.

போன வாரம் அதே அலுவலகத்தில் இருந்து போன் வந்தது. விண்டோஸ் 10 முடிந்ததால் இன்னும் மூன்று பெட்டி இருக்கிறதாம், எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள் என்றார்கள். ஒரு தாளில் எழுதி அனுப்பினோம். 64-பிட், 4 ஜிபிக்குக் குறைந்தால் வேண்டாம். டிஸ்க்கோடு, இல்லையென்றால் டிஸ்க்குக்கான பணத்தோடு. புது பேட்டரி. இன்னின்ன பொருள் இன்னாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கடிதம். ஒரு வருடத்துக்குள் செத்துப்போனால் மறுசுழற்சிக்கு நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். மேடை, பொன்னாடை, போட்டோ கிடையாது. எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி கையெழுத்துப் போட்டாள், யார் என்று உங்களுக்குத் தெரியும்.

"மத்ததெல்லாம் சரி சார், போட்டோ இல்லாம மேல எப்படிக் கணக்குக் காட்ட?" என்று கேட்டார்கள். பேசிக்கொண்டிருக்கிறோம்.

வரும் ஞாயிறு மூன்று மணிக்கு மிச்சமிருக்கிற எக்ஸ்பி பெட்டியைப் பிரிக்கிறோம். நிறுவிப் பழக விரும்பும் தோழர்கள் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று கொண்டு வாருங்கள். வழிமுறை தமிழில் வேண்டுமென்றால் கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றி நிறைய இருக்கிறது, வரும்முன் கொஞ்சம் படித்துவிட்டு வந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஜெய்பீம்.